பாத்தாம் படகுக்கு ஒரு பெரட்டு

"இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும்தான்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுதிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜொகூர் பாருவைக் கால்நடையாகச் சுற்றிவிட்டு, படகேறி இந்தோனேசியாவின் பாத்தாமுக்குப் போய் அந்த ஊரையும் நடந்தே பார்க்கிற சுற்றுலா ஒன்றைக் கைப்பேசிக்குள் போட்டு விற்கப் போகிறார்கள். காதில் மாட்டிக்கொண்டால், எந்தச் சந்தில் திரும்புவது, எந்தக் கடை முன்னால் நிற்பது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருமாம். கூட ஆள் வேண்டியதில்லை. தமிழ்க் குரலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வழியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு யாழினி என்று பெயர். மரியாதையான பெண். எனக்கு வெந்நீர் எல்லாம் வைத்திருந்தாள்.

"ஏன் ஆன்ட்டி, அந்த லைன் நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் கவிதை மாதிரி..."

"கவிதையா இருக்கட்டும்மா. பொய்யா இருக்கே."

"ஒரு லைன்தானே லா, ஆன்ட்டி. யாரு கவனிக்கப் போறா?"

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்டே இந்த நாட்டில் எத்தனையோ பேரைக் கவனிக்காமல் விட்டாயிற்று. அதை அவளிடம் சொல்ல ஆரம்பித்து, மதியச் சாப்பாடே ஆறிப்போனது. கடைசியில், "இத நீங்க எழுதணும் ஆன்ட்டி" என்றாள். காதில் மாட்டும் சுற்றுலாவில் இதற்கு இடம் இல்லையாம். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் பொந்தியான்காரி. அப்பா அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். படித்து முடித்ததும் எனக்கும் தொழிற்சாலைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கோ ஒரே இடத்தில் நிற்பது ஆகாது. வாய் வேறு சும்மா இருக்காது. இந்த இரண்டு குறையும் உள்ளவளுக்கு வழிகாட்டி வேலையைவிட்டால் வேறு கதி இல்லை என்று ஒரு டீச்சர் சொன்னார், விண்ணப்பம் போட்டேன், வகுப்பும் தேர்வும் முடித்து உரிமம் வாங்கினேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த சரித்திரம் பாதி மறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்கக் கற்றது மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. மருமகள் பேசும்போது கூட அப்படியே பின்னால் நகர்கிறேன் என்று என் மகன் கிண்டல் செய்வான்.

நடை என்பது சும்மா நடப்பது இல்லை. ஒரு கூட்டத்தை நடத்திக் கொண்டுபோவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிழல், அப்புறம் கழிப்பறை, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் சரித்திரம். வெயிலில் நிறுத்திவைத்துச் சுல்தான் கதை சொன்னால் எந்த மனிதனுக்கும் சுல்தான் மேல்தான் வெறுப்பு வரும். பழைய கடைத்தெருவை எட்டு மணி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும். விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் கடையை வாசனை வருகிற நேரம் பார்த்துக் கடக்க வேண்டும். கண்ணாடிக் கோயிலுக்குள் போய்விட்டால் வெளியே கொண்டுவருவது சிரமம். ஆளாளுக்குச் சுவரில் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

படகுக்குத் தனி வரிசை. துறையின் வாசலிலேயே ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். பாஸ்போர்ட்டை மொத்தமாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிற வழிகாட்டிகள் உண்டு. நான் வாங்க மாட்டேன். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும். வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களைக் கீழ்த்தளத்தில் பின்பக்கம் உட்கார வைத்து, வாயில் ஆளுக்கொரு அசாம்போய் போடுவேன். அந்த உப்புப்புளிப்புக் கொட்டையைச் சப்பிக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிடலாம். படகு ஜொகூர் நீரிணையை ஒட்டி ஊர்ந்து, கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கிற வெளிக்கு வந்ததும் வேகம் எடுக்கும். அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேச மாட்டேன். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பாத்தாமில் இறங்கினால் அந்த ஊர் வழிகாட்டி வந்து நிற்பார். அங்கே வாய் அவருடையது, கூட்டம் என்னுடையது. அங்கும் நடைதான். சந்தை, தேவாலயம், மசூதி, அடுக்குக் கேக் விற்கிற தெரு. மாலையில் தொழிற்சாலை விடுகிற நேரத்துக்கு ஒரு சந்திப்பில் நிறுத்துவேன். நீலச் சட்டை போட்ட பெண்கள் பேருந்துகளிலிருந்து இறங்கி மீன் வாங்கிக்கொண்டு போவார்கள். காலையில் ஜொகூர் பாருவில் அதே மாதிரிச் சட்டை, அதே மாதிரிக் களைப்பு பார்த்திருப்போம். இதைத்தான் நான் காட்ட நினைத்தேன். இரண்டு துறைமுகம், இரண்டு கொடி, ஒரே மாதிரி கால்வலி.

இந்த வழியை வகுத்தவள் நான். விற்றவர் எங்கள் மேலாளர். சந்திரன் என்று வைத்துக்கொள்வோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஆள் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. மேசையில் இரண்டு கைப்பேசிகளைக் குப்புறப் போட்டிருப்பார். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு டிஷ்யூ எடுத்து அவற்றைத் துடைப்பார். துடைத்து முடியும்வரை எதிரே நிற்கிறவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு, "நான் உங்களத் தப்பு சொல்லல" என்று தொடங்குவார். அந்த வாக்கியம் வந்துவிட்டால் தப்பு நம்முடையது என்று முடிவாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டுநர் தாமதமானாலும், மழை பெய்தாலும், உணவகத்தில் மீன் தீர்ந்தாலும் அதே அமைதி, அதே டிஷ்யூ. வாடிக்கையாளர்கள் அவர் குரலைக் கேட்டு உருகிப்போவார்கள். வானொலியில் பேசுகிறவரா என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அவருக்குப் பிடித்த சொல் 'காவ்திம்'. இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சீனச் சொல். எந்தச் சிக்கலையும் ஆளைப் பிடித்து, பேசி, சரிக்கட்டிவிடுவதற்கு அந்தப் பெயர். பேருந்துக்கு இடம் இல்லையா, காவ்திம். அறை பற்றவில்லையா, காவ்திம். நம் ஆட்களுக்கும் அந்தச் சொல்லின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எல்லாக் கதவுக்கும் பின்னால் நமக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிற ஜனம் நாம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பண்டார் தெங்காராவிலிருந்து பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் இறக்கியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது கொஞ்ச நாள் அதிலும் வேலை செய்து, பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லி, டவுனில் மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். கோயில் மாதர் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் கூடுவார்கள். அவர்களில் பார்வதி அக்காதான் தலைவி. "சாவுறதுக்குள்ள ஒரு தடவ கப்பல் ஏறணும்" என்று அவர் கிளப்பிவிட, எல்லாரும் கோயில் கஞ்சி ஊற்றுகிற நாளில் சீட்டு மாதிரிப் பணம் சேர்த்து, வேன் பிடித்து ஒரு கூட்டம் போய்ப் பாஸ்போர்ட் எடுத்து, எங்கள் அலுவலகத்தில் பதிவு செய்தார்கள்.

காலையில் பழைய கடைத்தெருவில் அவர்களோடு நடந்தபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என்னைச் சரித்திரம் சொல்ல விடவேயில்லை. "அத அப்புறம் சொல்லலாம் கலா, இந்தச் சட்டி என்னா வெலன்னு கேளு" என்பார்கள். ஆயர் ஈத்தாமில் இதைவிட நல்ல சட்டி கிடைக்கும் என்று ஒருவர், இல்லை என்று ஒருவர். இந்தக் கூச்சலில் ஓரமாக, புதுச் செருப்பு கடிப்பதைக் காட்டிக்கொள்ளாமல் நடந்துவந்தவர் அஞ்சலை அக்கா. அறுபதை ஒட்டிய வயது. பச்சைப் புடவை. கைப்பையைத் தோளில் போடாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

படகுத்துறை வாசலில் பெயர் கூப்பிட்டேன். "பார்வதி", "இருக்கேன்." "மாரியாயி", "இருக்கேன்." ஒவ்வொருவரும் விறைப்பாக நின்று கத்திப் பதில் சொன்னார்கள். பிறகு சிரிப்பு. "பெரட்டு மாதிரியே இருக்குடி" என்றார் மாரியாயி அக்கா. தோட்டத்தில் விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். "அஞ்சலை" என்றேன். "இருக்கேன்" என்று அவரும் சொன்னார். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னார்.

பாஸ்போர்ட் பார்க்கிற குடிநுழைவு முகப்பில் அவர் முறை வந்தது. பையைத் திறந்து, ஒரு கைக்குட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியக் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, பேச்சில் ஐசி. இங்கே குடியிருக்கலாம், வேலை செய்யலாம், சாகலாம், ஆனால் நீ இந்த நாட்டவள் இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. அஞ்சலை அக்கா வேறு எங்கிருந்தும் வந்தவர் அல்ல. பார்வதி அக்கா பிறந்த அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு கதவு தள்ளிப் பிறந்தவர். பெற்றவள் பிறப்பைப் பதியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி நல்லவள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மக்சிக், பாஸ்போர்ட் இல்லாம நான் விட முடியாதே" என்று மலாயில் தணிவாகச் சொன்னாள். மக்சிக் என்றால் சித்தி, அத்தை மாதிரி. சொல்லும்போது அவள் முகமே வாடிவிட்டது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஓடிப்போய், "அக்கா, பாஸ்போர்ட் எங்க?" என்றேன்.

"எனக்கு ஏது பாஸ்போட்டு? உங்க ஆபீசுக்குப் போன் அடிச்சுக் கேட்டேனே. எனக்குச் செவப்பு ஐசி, நான் வரலாமா, இல்ல பேர எடுத்துறவான்னு. நல்லா வெவரமாக் கேட்டேன். ஒரு ஆளு, 'வாங்க ஆன்ட்டி, அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க, காவ்திம் பண்ணிடலாம்'னாரு."

ஒரு தலை குறைந்தால் குழுச் சலுகை போய்விடும் என்று அலுவலகத்தில் அந்த வாரம் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதற்காக, தெரிந்தே, ஒரு மனுஷியைப் புடவை கட்ட வைத்து, புதுச் செருப்பு வாங்க வைத்து, ஊர் முன்னால் ஒரு கண்ணாடிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மேலாளரைக் கூப்பிட்டேன். காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது. டிஷ்யூ எடுத்திருப்பார்.

"நான் உங்களத் தப்பு சொல்லல கலா. அந்த ஆன்ட்டிய வெயிட்டிங் ரூம்ல உக்கார வச்சிருங்க. ஏர்கான் இருக்கு. சாப்பாடு வாங்கிக் குடுத்துருங்க. மத்தவங்கள ஏத்துங்க. அந்தப் பக்கம் லஞ்ச் சொல்லியாச்சு, கடைங்களுக்குச் சொல்லியாச்சு."

"சாயங்காலம் வரைக்கும் தனியா உக்கார வைக்கணுமா பாஸ்?"

"அவங்க எங்க போயிடப் போறாங்க?"

அதுதான் அவர் சொன்னது. எங்க போயிடப் போறாங்க.

நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு காரியம் நடந்திருந்தது. முத்திரை குத்தி முடித்து உள்ளே போய்விட்ட மூன்று பேர், என்ன ஏதென்று கேட்டு, அதிகாரியிடம் கெஞ்சி, வெளியே வந்துவிட்டார்கள். பார்வதி அக்கா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மாரியாயி அக்கா. வரிசையாக எல்லாரும். யாரும் யாரிடமும் கலந்து பேசிய மாதிரித் தெரியவில்லை. கால் நீட்டி, பையை மடியில் வைத்து, காலம் காலமாக அங்கேயே இருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

அஞ்சலை அக்காவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்திரிங்கடி! என்னா கூத்து இது? நான் என்னா செத்தா போய்ட்டேன், சுத்தி உக்கார? போங்க, போய்ப் பார்த்துட்டு வந்து கத சொல்லுங்க."

"வாய மூடிக்கிட்டு உக்காருடி" என்றார் பார்வதி அக்கா. "பெரட்டுல ஒருத்தி பேரு விட்டுப்போச்சுன்னா யாரு காட்டுக்கு எறங்கியிருக்கா? நீ எறங்கியிருக்கியா?"

பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். பெயர் கூப்பிடுகிற தோட்டத்து எழுத்தரான கிராணிக்கு ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டாராம். பெரட்டில் அவள் பெயரை மட்டும் கூப்பிடாமல் விட்டுவிடுவாராம். பெயர் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. அப்படி விட்டால், மற்றவர்கள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சத்தம் இல்லை, கொடி இல்லை. பால் இறங்குகிற நேரம் தாண்டினால் தோட்டத்துக்குத்தான் நட்டம். விட்டுப்போன பெயரைக் கிராணி கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார்களாம்.

நான் என் வேலையைச் செய்தேன். "டிக்கெட் வீணாப் போயிடும்க்கா, இவ்வளவு நாள் ஆசப்பட்டீங்க" என்றேன். பார்வதி அக்கா என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நீ பேரு கூப்ட்ட, சரியாத்தான் கூப்ட்ட. உம்மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

மேலாளர் திரும்ப அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போடுங்க, நான் பேசுறேன்" என்றார். தன் குரலில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கைப்பேசியை அவர்கள் நடுவில் தரையில் வைத்தேன்.

"வணக்கம் அம்மா. நான் யாரையும் தப்பு சொல்லல. அந்த ஆன்ட்டி தன்கிட்ட இருக்கறது சிவப்பு ஐசின்னு முன்னாடியே சொல்லியிருந்தா இந்தச் சங்கடமே..."

"அய்யோ, இவருதான்!" என்றார் அஞ்சலை அக்கா. குனிந்து கைப்பேசியின் அருகில் வாயை வைத்து, "ஐயா, நீங்கதானே காவ்திம்னு சொன்னீங்க? எனக்கு அந்தக் குரலு மறக்கல. எவ்வளவு நல்லாப் பேசுறாரு இந்த மனுசன்னு வீட்ல வந்து சொன்னேனே" என்றார்.

"ஹலோ? ஹலோ? லைன் சரியில்ல" என்ற குரல் வந்தது, இணைப்பு அறுந்தது. மாரியாயி அக்கா, "லைன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

படகு கிளம்பியது. கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தோம். பத்துப் பதினைந்து பேர் ஏறியிருப்பார்கள். எங்கள் இருக்கைகள் அத்தனையும் காலியாகப் போயின.

அதற்கப்புறம் என்ன செய்வது? நடந்தோம். காலையில் பாதியில் விட்ட ஜொகூர் பாருவை மிச்சம் வைக்காமல் நடந்தோம். கரையோரச் சாலை வழியாக மசூதி மேட்டுக்குப் போய், புல்லில் உட்கார்ந்து, அவர்கள் கட்டிக் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சலை அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார். ஒப்பாரி இல்லை. மனுஷிக்கு வெறும் ஆத்திரம்.

"நாலு தடவ நீல ஐசிக்கு எழுதிப் போட்டேன் கலா. கூப்ட்டாங்க. மலாய் பேசச் சொன்னாங்க, பேசுனேன். என் பக்கத்து வீடே மலாய்க்காரங்கதான். எழுதச் சொன்னாங்க. நான் எங்க போய் எழுதக் கத்துக்கிறது? பால் வாளியிலயா? எழுதத் தெரியலன்னா வெட்டுன மரம் பால் குடுக்காம இருந்துச்சா? அந்தப் பாலு கப்பல்ல போச்சே, அதுக்கு யாரு பாஸ்போட்டு கேட்டா?"

வழிகாட்டியாக இருந்த இத்தனை வருடத்தில் அந்த மசூதி மேட்டில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். எந்தத் துறைமுகத்திலிருந்து என்ன சரக்கு எந்தக் காலத்தில் ஏற்றுமதியானது என்று ஒப்பிப்பேன். ரப்பர் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு எனக்கு அடுத்த வரி வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் டிஷ்யூ, துடைப்பு, நிற்க வைத்தல் எல்லாம் முறைப்படி நடந்தது. "நான் உங்களத் தப்பு சொல்லல" வந்தது. அந்த அம்மாள் சிவப்பு அட்டையை மறைத்துவிட்டார் என்று கோயில் குழுவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். கம்பெனி பெயர் கெடக் கூடாதாம்.

"அவங்க கேட்டாங்க பாஸ். நீங்க வரலாம்னு சொன்னீங்க."

"ஒரு நாளைக்கு எத்தன கால் வருது. அவங்க யார் குரலையோ கேட்டுட்டு..."

"அப்ப ஒரு காரியம் பண்ணுங்க. அவங்களுக்குப் போன் அடிச்சு, 'நீங்க கேட்டீங்க, நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம்'னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அது போதும்."

அவர் இரண்டு கைப்பேசிகளையும் நேராக அடுக்கி வைத்தார். "இதெல்லாம் எமோஷனலா எடுத்துக்காதீங்க" என்றார்.

நான் குழுவிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அவரே வேறு ஆளை அனுப்பிச் சொல்லவைத்தார். பார்வதி அக்கா அந்த ஆளுக்கு டீ கொடுத்துவிட்டு, வாசலைக் காட்டினாராம். எனக்குப் படகு வேலை நின்றது. செனாய் விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடித்து நிற்கிற வேலையைக் கொடுத்தார்கள். சில மாதம் பிடித்துப் பார்த்தேன். பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனேன், அந்த இரண்டு ஊர் நடையையும் கூடவே கொண்டுபோனேன். வழி என் காலில் இருந்தது, அவர் பெட்டியில் இல்லை. அங்கே போனதும் நான் போட்ட ஒரே நிபந்தனை, பதிவு செய்கிறவர்களிடம் அட்டை என்ன நிறம் என்று நானே கேட்பேன் என்பது. "இத எப்படி மேடம் கேக்குறது? அவங்களுக்கு அவமானமா இருக்காதா?" என்று இளைய வழிகாட்டிகள் தயங்குவார்கள். கேட்பதில் என்ன அவமானம்? கேட்டுத் தெரிந்துகொண்டும் 'வாங்க' என்று சொன்னானே, அதுதான் அவமானம். இப்போது அதற்கும் வழியில்லை. கைப்பேசியில் கட்டத்தைத் தட்டினால் பதிவு முடிந்தது. 'தகுந்த பயண ஆவணம் பயணியின் பொறுப்பு' என்று எறும்பு எழுத்தில் கீழே போட்டுவிடுகிறார்கள். சந்திரனுக்காவது ஒரு குரல் இருந்தது, அடையாளம் சொல்ல முடிந்தது.

சென்ற ஆண்டு அஞ்சலை அக்காவிடமிருந்து அழைப்பு. குரல் தளர்ந்திருந்தது. ஆனால் அதே சத்தம்.

"கலா, எனக்கு நீல ஐசி குடுத்துட்டாங்க."

ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டு, வயதானவர்களை வரிசையாக அழைத்துக் கொடுத்தார்களாம். பூச்செண்டு, படம், கைதட்டல். "என்னமோ தானம் குடுக்கற மாதிரி நிக்கறாங்க. நான் வாங்குனதும் என் எடத்துல வந்து உக்காந்துட்டேன்" என்றார். எழுபதைத் தாண்டியவருக்கு, பிறந்த மண்ணில், பிறந்தவள்தான் என்று ஒத்துக்கொள்ள ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. அதற்குக் கைதட்டல் வேறு. எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"அக்கா, பாஸ்போர்ட் எடுத்துறலாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நம்ம ரெண்டு பேரும் பாத்தாம் போலாம். மெதுவா நடக்கலாம், வண்டி வேணும்னா வண்டி வச்சுக்கலாம்."

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதை யாரையோ குறைக்கச் சொன்னார்.

"பார்வதி போய் ரெண்டு வருசமாச்சு, தெரியுமா?"

"தெரியும்க்கா. சாவுக்கு வந்திருந்தேனே."

"மாரியாயியும் போய்ட்டா. மிச்சம் இருக்கறதுல ஒருத்திக்குக் கண்ணு தெரியல, ஒருத்தி மக வீட்ல எங்கயோ இருக்கா. அன்னிக்கு அவளுங்க எல்லாருகிட்டயும் பாஸ்போட்டு இருந்துச்சு கலா. அன்னிக்கு இல்லாட்டி அடுத்த மாசம், அதுக்கடுத்த மாசம் போயிருக்கலாம். நான் எவ்வளவோ சொன்னேன், திட்டிப் பார்த்தேன். 'ஒனக்கு வரட்டும், சேந்து போவோம்'னாளுங்க. கடைசி வரைக்கும் ஒருத்தி போகல."

"அதனாலதான்க்கா நீங்களாவது..."

"என்னா பேசுற நீ? அவளுங்க ஒருத்தியும் ஏறல. இப்ப நான் மட்டும் ஏறுவேனா?"